குழாயில் புகுந்த காற்று

பதினைந்து வயதைக் கடந்துவிட்ட டீசல் வண்டியொன்று, முந்தின நாள் மாலைவரை யாதொரு குறையுமின்றி ஓடி, இரவு முழுவதும் வாசலில் நின்று, மறுநாள் காலையில் சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மட்டும் சுற்றிச் சுற்றி முனக, என்ஜின் பிடிக்க மறுக்குமானால், அதன் சொந்தக்காரருடைய மனத்தில் முதலில் உதிப்பது டீசல் பம்ப் என்னும் பெயரும், அடுத்தபடியாக உதிப்பது அந்தப் பம்பைக் கழற்றி இறக்கினால் ஆகக்கூடிய செலவும்தான். அந்தப் பயத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. பம்ப் விலையுயர்ந்த சாமான். அதைப் பிரித்துச் சேர்ப்பதற்கென்றே தனிப் பட்டறைகள் உண்டு. அங்கே போய்த் திரும்பிய வண்டியின் பில் பல ஆயிரங்களில் வருவது சகஜம். ஆனால் அனுபவம் முதிர்ந்த மெக்கானிக் எவரும், காலையில் முரண்டு பிடிக்கும் பழைய வண்டியைக் கண்டவுடன் பம்பின்மீது கை வைப்பதில்லை. அவர் குனிந்து வண்டியின் அடிப்பகுதியை நோட்டம் விடுகிறார். டேங்கிலிருந்து முன்னோக்கி வரும் ரப்பர்க் குழாய்களைத் தடவிப் பார்க்கிறார். பிறகு, "ஏர் எடுக்குதுங்க" என்று சுருக்கமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அது ஏன் சரியாக இருக்கிறது என்பதும், காற்று எந்த இடத்தில் புகுகிறது என்பதை எப்படி நிர்ணயிப்பது என்பதும் சாமானிய வாகனக்காரர்கள் தெரிந்துகொள்ளத்தக்க விஷயங்கள்; ஏனெனில், இந்தக் கோளாறைப்போலக் கண்ணுக்கு அகப்படாமல் ஒளிந்துகொண்டு, நிரபராதியான பம்பின்மேல் பழியைப் போட்டுவிடும் கோளாறு வேறொன்று டீசல் வண்டியில் இல்லை.

நம் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெரிய வண்டிகளில் 1994-இல் வெளிவந்த டாட்டா சுமோவும், 2000-இல் வெளிவந்த மகிந்திரா பொலேரோவும் டொயோட்டா குவாலிஸும் பிரசித்தமானவை. கல்யாணக் கோஷ்டிகளையும் சபரிமலை யாத்திரிகர்களையும் ஊர் ஊராக ஏற்றிச்சென்ற குவாலிஸ், 2005-இல் இன்னோவா வந்தபோது தன் இடத்தை அதற்கு விட்டு விலகிக்கொண்டது என்றாலும், 15 ஆண்டுகளுக்கான முதல் பதிவு முடிந்த பின்னும் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட்டு இன்றும் பல வீடுகளில் குடும்ப அங்கத்தினர்போல் இருந்துவருகிறது. அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2446 சி.சி. கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட அதன் என்ஜினில் டீசல் செலுத்தும் வேலை முழுவதையும் யந்திர ரீதியாக இயங்கும் பம்ப் ஒன்றே கவனித்துக்கொள்கிறது. ஆகையால், இக்காலத்து வண்டிகளில் செய்வதுபோல் ஸ்கேனரைச் செருகி இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று படித்துவிடும் சௌகரியம் இங்கே இல்லை. கண், காது, கை, யுக்தி ஆகிய இவைதான் கருவிகள். எனக்குத் தோன்றுகிறபடி, கற்றுக்கொள்ள விரும்புகிறவனுக்கு இது ஒரு குறையே அல்ல.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் 20 மடங்குக்கும் மேலாக அமுக்க, அந்த அமுக்கத்தினாலேயே காற்றின் உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடைத் தாண்ட, அந்தச் சரியான க்ஷணத்தில் நாசில் வழியாகப் பனிபோல் தூவப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. நாசிலின் முனையில் உள்ள ஊசி, இந்த வகை என்ஜினில், ஏறத்தாழ 100 முதல் 150 பார் அழுத்தம் வந்தாலன்றித் திறவாது. அந்த அழுத்தத்தை உண்டாக்குவது பம்ப். ஒரு தடவைக்குச் செலுத்தப்படும் டீசலோ, முழுப் பாரத்தோடு மேடு ஏறும்போதுகூட, ஒரு சொட்டு அளவுக்கு மேற்படாது. என்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது நான்கு சிலிண்டருக்குமாகச் சேர்த்து விநாடிக்கு 100 தடவை இந்தக் காரியம் நடந்தாக வேண்டும். இவ்வளவு சூக்ஷ்மமான ஏற்பாட்டுக்குள் ஒரு சிறு காற்றுக்குமிழி புகுந்துவிட்டால் என்ன ஆகும்? டீசலை அமுக்கினால் அது சுருங்காமல் அழுத்தத்தை அப்படியே நாசிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். காற்றை அமுக்கினால் அது சுருங்கிக் கொடுத்துவிடும். பம்ப் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நாசில் திறக்கவே திறக்காது.

இதில் ஒரு சரித்திர வேடிக்கையும் உண்டு. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய என்ஜினில், எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதி அனுப்பியது அமுக்கப்பட்ட காற்றேதான். அதற்கென்று தனியே ஒரு கம்ப்ரஸர் வேண்டியிருந்தபடியால், அந்த என்ஜின் ஆலைகளிலும் கப்பல்களிலும் இடம்பெற்றதே தவிர, சாலையில் ஓடும் வண்டிக்குள் அடங்கவில்லை. ராபர்ட் பாஷின் கம்பெனி 1927-இல் டீசல் பம்புகளைப் பெருவாரியாகத் தயாரிக்கத் தொடங்கிய பின்னரே, டீசல் என்ஜின் லாரிகளில் பரவி, 1936-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்னும் காரிலும் ஏறிற்று. அக்கம்பெனியின் தொடர்போடு 1951-இல் சென்னையில் பதிவாகிப் பெங்களூரில் ஆலை கண்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, சுருக்கமாக மைக்கோ, 2008-இல் பாஷ் என்றே பெயரை மாற்றிக்கொண்டது. நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிப் பட்டறைகளிலோ பழைய ஆட்களுக்கு அது இன்றும் 'மைக்கோ'தான். ஆக, தொடக்கத்தில் டீசலைச் சுமந்துபோன காற்றே, பம்ப் வந்தபின் டீசலின் பிரதான விரோதியாகிவிட்டது.

இனி டீசல் செல்லும் மார்க்கத்தைக் கவனிப்போம். டேங்கின் அடிவரை இறங்கியிருக்கும் ஒரு குழாய் டீசலை மேலே எடுக்கிறது, அங்கிருந்து ரப்பர்க் குழாயும் இரும்புக் குழாயும் மாறி மாறிச் சேர்ந்து அதை என்ஜின் அறைக்குக் கொண்டுவருகின்றன, அங்கே ஃபில்டர், ஃபில்டரின் தலையிலே கையால் அழுத்தும் சிறு ஹேண்ட் பம்ப், பிறகு டீசல் பம்ப், அதிலிருந்து நான்கு மெல்லிய எஃகுக் குழாய்கள் வழியே நான்கு நாசில்கள், மிஞ்சிய டீசலை மறுபடியும் டேங்குக்கே கொண்டுபோகும் ரிட்டர்ன் குழாய். இந்த மார்க்கத்தை இரண்டு ராஜ்யங்களாகப் பிரித்துக்கொள்வது அவசியம். பம்புக்குப் பிந்தியது அழுத்தத்தின் ராஜ்யம். அங்கே ஒரு நட்டு தளர்ந்தால் டீசல் வெளியே பீச்சும், நனையும், நாறும், யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். பம்புக்கு முந்தியது உறிஞ்சுதலின் ராஜ்யம். டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிவிடுவதற்கென்று தனியான ஃபீட் பம்ப் சில வண்டிகளில் உண்டு. குவாலிஸ் போன்றவற்றில் டீசல் பம்பே தன் வயிற்றுக்குள் இருக்கும் சிறு சுழற்சிப் பம்பினால் டேங்க் வரைக்கும் உறிஞ்சிக்கொள்கிறது.

இளநீரில் போட்ட உறிஞ்சுகுழலில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால், எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்கு வருவது காற்றாகவே இருக்கும். ஆனால் குழலின் வெளிப்புறம் ஒரு துளிகூட ஈரமாகாது. இந்தக் கோளாறின் மர்மம் முழுவதும் இவ்வளவுதான். உறிஞ்சும் பக்கத்தில் விரிசல் கண்ட குழாய் டீசலை வெளியே விடாமல் காற்றை உள்ளே விடுகிறது. டீசல் காற்றைவிடத் தடித்தது; டீசல் கசிய முடியாத நுண்ணிய வழியில் காற்று தாராளமாக நுழையும். ஆகவே, "எங்கேயும் ஒழுகவில்லையே, பிறகு எப்படி லைனில் கோளாறு இருக்கும்?" என்று சொந்தக்காரர் வாதாடுவதும், அதைக் கேட்ட அனுபவமற்ற மெக்கானிக் பம்பைக் கழற்றப் புறப்படுவதும் நடக்கின்றன. என்ஜின் நின்றபின் இன்னொன்றும் நிகழ்கிறது. இரவெல்லாம் அந்த வழியே மெல்ல மெல்லக் காற்று நுழைய, குழாயில் நிறைந்திருந்த டீசல் தன் பாரத்தால் பின்வாங்கித் தாழ்வாக உள்ள டேங்குக்கே திரும்பிவிடுகிறது. காலையில் செல்ஃப் அடிக்கும்போது பம்புக்குக் கிடைப்பது வெறும் காற்று.

சோதனைகளில் முதலாவது எவ்விதக் கருவியும் வேண்டாதது. ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பின்னால் நின்று சைலன்ஸரின் வாயைப் பார்க்க வேண்டும். வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டரை அடைகிறது, ஆனால் எரியவில்லை என்று அர்த்தம். அப்போது குளிர்ந்த என்ஜினுக்குச் சூடேற்றும் ஹீட்டர் ப்ளக்கையோ அமுக்கத்தையோ சந்தேகிக்க வேண்டும். புகையே வரவில்லையென்றால் டீசல் வந்து சேரவே இல்லை. செல்ஃப் அடிப்பதற்கு முன்பாக ஒரு நிமிஷம் காதைத் தீட்டிக்கொள்வது நல்லது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பும்போது பம்பின் மேலிருந்து டீசலுக்கு வழி திறந்துவிடும் கட்-ஆஃப் சாலினாய்டு 'டக்' என்று ஒரு சிறு சத்தம் கொடுக்க வேண்டும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் ஒரு ஒயர் கழன்று கிடப்பதற்காக நாம் டீசல் குழாயையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருப்போம்.

இரண்டாவது சோதனை ஹேண்ட் பம்பு. செல்ஃப் அடிப்பதற்கு முன் அதை அழுத்திப் பார்த்தால், லைன் நிறைந்திருக்கும் வண்டியில் சில அழுத்துக்குள் கைக்கு இறுக்கமாகிவிடும். பின்வாங்கிய வண்டியில் அது வெறுமையாய்த் தொளதொளவென்று அமுங்கிக்கொண்டே இருந்து, நெடுநேரம் கழித்துத்தான் இறுகும். அப்படி இறுகிய பின் சாவியைத் திருப்ப, என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டால், பம்பும் நாசிலும் ஹீட்டரும் நிரபராதிகள் என்பது ஏறக்குறைய உறுதியாகிவிடுகிறது. வெகு நாளாக இந்தத் தொந்தரவை அனுபவித்துவருகிற சில டிரைவர்கள், கோளாறைச் சரிசெய்யாமலே, தினம் காலையில் பானெட்டைத் திறந்து ஹேண்ட் பம்பை அழுத்துவதை ஒரு நித்திய கர்மாவாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல, காற்று கலந்த டீசலில் ஓடும் பம்புக்குப் போதிய மசகு கிடைப்பதில்லை. அந்தப் பம்பின் உள்ளிருக்கும் உலோகத் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. அங்கே எண்ணெய் கிடையாது, டீசலே எண்ணெய்.

மூன்றாவது சோதனையை நிலமே செய்து கொடுக்கிறது. வண்டியின் முகம் மேட்டை நோக்கி இருக்குமாறு ஒரு இரவும், பள்ளத்தை நோக்கி இருக்குமாறு ஒரு இரவும் நிறுத்திப் பார்க்க வேண்டும். மேடு நோக்கி நின்ற வண்டியில் டேங்க் என்ஜினைவிட இன்னும் தாழ்ந்துவிடுகிறபடியால் டீசல் எளிதில் பின்வாங்கும். பள்ளம் நோக்கி நின்ற வண்டியில் அப்படி நேராது. முதல் காலையில் முரண்டு பிடித்து, இரண்டாவது காலையில் சமர்த்தாகக் கிளம்பினால், காரணம் காற்றேதான். இதே காரணத்தால்தான், சமதரையில் ஒழுங்காக ஓடும் வண்டி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது "இழுக்கவில்லை" என்று டிரைவர் முறையிடும்படி சோர்ந்துபோகிறது. ஏற்றத்தில் டேங்க் தாழ, பம்ப் அதிகமாக உறிஞ்ச, உறிஞ்சுதல் அதிகமாக ஆகக் காற்றும் அதிகமாகப் புகுகிறது.

டேங்கில் டீசல் எவ்வளவு இருக்கும்போது தொந்தரவு வருகிறது என்று கேட்பவர் சிலரே. அந்தக் கேள்வி மிகுந்த பிரயோஜனமுள்ளது. நிறைந்த டேங்கோடு நன்றாக ஓடி, பாதிக்குக் கீழே இறங்கியதும் திணறத் தொடங்கும் வண்டியில், டேங்குக்குள் இறங்கியிருக்கும் உறிஞ்சுகுழாயே துருப்பிடித்து நடுவில் ஓட்டையாகியிருக்கக்கூடும். ஓட்டை டீசலுக்குள் மூழ்கியிருக்கும்வரை தீங்கில்லை, மேலே தெரிந்ததும் காற்றை இழுக்கிறது. இதற்கு மாறாக, சில மைல் ஓடியபின் வண்டி தானே நின்று, அரைமணி ஓய்வுக்குப்பின் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பி, மறுபடி சில மைலில் நின்றால், அது காற்றின் வேலை அல்ல. குழாயின் நுனியில் உள்ள சல்லடையில் அழுக்குப் படலம் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கிறது. என்ஜின் நின்றதும் பிடி தளர்ந்து அடியில் விழுகிறது. இன்னும் அற்பமான காரணமும் உண்டு: டேங்க் மூடியில் காற்று நுழைவதற்கான சிறு துவாரம் அடைபட்டிருக்கலாம். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தால், அதைச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்தது. இந்த ஒரு காரணத்துக்காகப் பம்ப் இறக்கப்பட்ட வண்டிகளும் உண்டு என்பதை எண்ணினால் சிரிப்பதா, பரிதாபப்படுவதா என்று தெரியவில்லை.

அனுமானங்களைப் பிரத்தியட்சமாக்குவதற்குப் பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் உபாயம் ஒரு சாண் நீளமுள்ள கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ரப்பர்க் குழாயை எடுத்துவிட்டு அதை மாட்டி, என்ஜினை ஓடவிட்டால், உள்ளே ஓடும் டீசல் தெளிவாகத் தெரியும். குமிழிகள் வரிசையாக ஓடினால் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் எங்கே? ஒரு கேனில் சுத்தமான டீசலை ஊற்றி, அதை என்ஜினுக்கு மேலான உயரத்தில் நிறுத்தி, அதிலிருந்து ஒரு குழாயை நேரே பம்புக்குக் கொடுக்க வேண்டும். வண்டி இப்போது குறையின்றி ஓடினால் கோளாறு பம்புக்கு முந்திய பாதையில் இருக்கிறது. அடுத்து அதே குழாயை ஃபில்டரின் நுழைவாயிலில் கொடுக்க வேண்டும். குமிழி வந்தால் ஃபில்டர்ப் பகுதியே குற்றவாளி. வராவிட்டால் அதற்கும் பின்னால், அடிச்சட்டத்தை ஒட்டிய குழாய்களிலோ டேங்கிலோ தேட வேண்டும். பாதையைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும் இந்த நிதானமான முறையில், சாமான்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வீண் செலவு மிச்சமாகிறது. இந்தச் சோதனையின்போது அருகில் பீடியோ சூடான சைலன்ஸர்க் குழாயோ இல்லாமல் பார்த்துக்கொள்வது சொல்லாமலே விளங்க வேண்டிய ஜாக்கிரதை.

ஃபில்டர்ப் பகுதியில் காற்று நுழையக்கூடிய இடங்கள் பல. ஃபில்டரின் வாயில் அமரும் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டிருக்கலாம். பழைய வளையம் மேலே ஒட்டிக்கொண்டிருக்க அதன்மீது புதியது அமர்ந்திருக்கலாம். அடியில் தண்ணீரை வடிக்கும் திருகின் வளையம் கல்லாய் இறுகியிருக்கலாம். ஹேண்ட் பம்பின் உள்ளிருக்கும் ரப்பர்ச் சவ்வே கிழிந்திருக்கலாம். ஃபில்டர் மாற்றிய மறுநாளிலிருந்து தொந்தரவு என்று யாராவது சொன்னால் வேறெங்கும் போக வேண்டியதில்லை. கடைசியாக யார் எதைத் தொட்டார்கள் என்று விசாரிப்பது, எந்தப் பரீட்சையைக் காட்டிலும் சீக்கிரமாகப் பலன் தரும். குழாய்களைப் பிணைக்கும் பேன்ஜோ போல்ட்டின் இருபுறமும் உள்ள காப்பர் வாஷர்களும் இப்படித்தான்: ஒருமுறை இறுக்கியதும் நசுங்கி விறைத்துவிடும் செம்பு, மறுபடி போடும்போது சரியாகப் படியாது. புதிது போடுவதே உத்தமம். கிடைக்காத இடத்தில் பழையதைச் செஞ்சூடாகக் காய்ச்சி ஆறவைத்தால் செம்பு மறுபடியும் மிருதுவாகிவிடும் என்பது மெக்கானிக்குகளின் பழைய வித்தை. அதில் விஞ்ஞானமும் உண்டு.

ஒளிந்திருக்கும் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கச் செய்யும் இன்னொரு யுக்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஹேண்ட் பம்பை அழுத்தும்போது அதற்கு அப்பாலுள்ள பாதை, சற்று நேரத்துக்கு, உறிஞ்சும் ராஜ்யத்திலிருந்து அழுத்தத்தின் ராஜ்யத்துக்கு மாறிவிடுகிறது. மூட்டுகளையெல்லாம் துணியால் துடைத்து உலர்த்திவிட்டு, இறுகும்வரை அழுத்திப் பிடித்தால், காற்றை மட்டும் விட்டுக்கொண்டிருந்த மூட்டு இப்போது டீசலாக வியர்க்கும். டேங்க் பக்கத்துக் குழாய்களையும் இதுபோல் மிக மெல்லிய காற்றழுத்தம் கொடுத்துப் பார்ப்பதுண்டு. அது தேர்ந்த கை செய்ய வேண்டிய காரியம், ஏனென்றால் டேங்க் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

குழாய்களைப் பொறுத்தவரை, இரும்புக் குழாய் துருப்பிடிப்பது அதைச் சட்டத்தோடு பிணைக்கும் கிளிப்புகளின் அடியில். சேறு அங்கே தங்கி ஈரத்தைக் காத்துவைக்கிறது. ரப்பர்க் குழாய் வெடிப்பது அதன் நுனியில், ஜுபிலி கிளிப் கடித்த இடத்தில். ரப்பருக்கு வயதாவதோடு டீசலின் குணம் மாறிவந்திருப்பதும் ஒரு காரணம். 1993-இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது, பழைய பம்புகளின் ரப்பர் வளையங்கள் சுருங்கிக் கசியத் தொடங்கின. பழைய டீசலில் இருந்த சில அங்கங்கள் ரப்பரைச் சற்று உப்ப வைத்திருந்தன, புதியதில் அவை குறைந்ததும் வளையமும் இளைத்தது. நம் நாட்டிலும் 2017 ஏப்ரலில் தேசம் முழுவதற்கும் பத்து லட்சத்தில் 50 பங்காகவும், 2020 ஏப்ரலில் 10 பங்காகவும் கந்தகம் குறைக்கப்பட்டது. சுவாசிக்கிறவர்களுக்கு அது நன்மையே. 2000-த்தில் பொருத்திய ரப்பரை இன்னும் வைத்திருக்கும் வண்டிக்காரர், டீசல் தாங்கும் தரமுள்ள புதுக் குழாய்களையும் வளையங்களையும் மொத்தமாகப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். தண்ணீர்க் குழாயை வெட்டிப் போட்டுச் சமாளிப்பவர்கள் சில மாதங்களிலேயே அது உப்பிக் கொழகொழத்துப் போவதைக் காண்பார்கள்.

தண்ணீரைப் பற்றியும் சுருக்கமாக. அரை டேங்கோடு நெடுநாள் நின்ற வண்டியில் காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகி அடியில் சேரும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் எல்லையில் கிருமிகள் வளர்ந்து கறுத்த வழவழப்பான பாசியை உண்டாக்கும். ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால், லேசான டீசல் மேலே நிற்க, தண்ணீர் கீழே பிரிந்து நிற்கும். கறுப்புப் பாசி கண்டால் ஃபில்டரை மட்டும் மாற்றுவது வீண். டேங்கை இறக்கிக் கழுவியே தீர வேண்டும்.

மூட்டுகளைச் சரிசெய்த பின் லைனில் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரின் மேல் உள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அழுத்த அழுத்த, நுரையும் குமிழியுமாக வரும் டீசல் படிப்படியாகத் தெளிந்து முழுத் தாரையாக வரும்போது திருகை இறுக்கிவிட வேண்டும். பிறகும் பிடிக்காவிட்டால், நாசில்களுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளில் இரண்டை அரைச் சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்கினால் மீதியை என்ஜினே பார்த்துக்கொள்ளும். செல்ஃபை ஒரேயடியாக அழுத்திக்கொண்டிராமல் 10, 15 விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட வேண்டும். காற்றைத் துரத்தப்போய் செல்ஃப் மோட்டாரைக் கருக்கிக்கொள்வதில் அர்த்தமில்லை.

என்ஜின் ஓடியும் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தால், ஐடிலில் ஓடவிட்டு அந்த நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள்: எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டரே வேலை செய்யாதது, அதன் நாசிலைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் தூவலைப் பார்க்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. நாசிலிலிருந்து பீச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகக்கூடியது. வெளியே ஊசி குத்தியதுபோல் மட்டும் தெரிந்து, உள்ளே சதையை அழுகச் செய்து, விரலையே இழக்க வைத்த விபத்துகள் உண்டு. அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காமன் ரெயில் வகைப் புது என்ஜின்களில் அழுத்தம் 1300 பாரையும் தாண்டுகிறபடியால், அவற்றில் இந்த நட்டுத் தளர்த்தும் முறையை நினைத்தும் பார்க்கக் கூடாது.

இவ்வளவும் செய்து, கேனிலிருந்து நேராகக் கொடுத்த தெளிந்த டீசலிலும் வண்டி பிடிக்கவில்லை, அல்லது குளிர்ந்தபோது பிடித்துச் சூடானபின் பிடிக்க மறுக்கிறது என்றால், அப்போது பம்பைச் சந்தேகிக்க நமக்கு உரிமை வருகிறது. தேய்ந்த பம்பில், சூட்டில் இளகிய டீசல் தண்டின் ஓரமாக நழுவிவிடுவதால், சூடான என்ஜினில் அழுத்தம் எழும்புவதில்லை. பம்பின்மேல் ஈரத்துணியைப் போட்டுக் குளிரவைத்ததும் வண்டி கிளம்பினால் தேய்மானம் நிச்சயம். இறக்குவதற்கு முன் பம்பும் என்ஜினும் சேரும் இடத்தில் டைமிங் குறியைக் கீறிவைத்துக்கொள்ள வேண்டும். பட்டறையிலிருந்து திரும்பப் பெறும்போது, டெஸ்ட் பெஞ்சில் எந்தச் சுற்றுக்கு எத்தனை டீசல் விட்டது என்று எழுதிய கணக்குச் சீட்டைக் கேட்டு வாங்கி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்வது நல்லது. கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் பெரும்பாலும் எழுதுவதே இல்லை.